சின்னாத்தாளின் கழுத்து

என்னைப் பெற்றவள்தான் சின்னாத்தாளின் கழுத்தை நெரிக்கிறாள் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். என்னைப் பெற்றவள் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. சின்னாத்தாள் அப்பாவின் இரண்டாம் மனைவி. அவள் வந்து இரண்டு வருஷம். மூத்தவள் இறந்து இளையவள் வந்தால், இளையவளின் தாலிக்கயிற்றில் மூத்தவளுக்கென்று ஒரு சிறு பொன்பொட்டையும் சேர்த்துக் கோப்பது எங்கள் வழக்கம். இறந்தவள் அந்தப் பொட்டில் இருந்துகொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்வாள் என்பது எண்ணம். அவளுக்கு மனம் கோணினால் கயிறு இறுகும் என்பதும் அந்த எண்ணத்தின் ஒரு பகுதி. ஆகவே, மாசிக் கடைசியில் சின்னாத்தாளின் கழுத்தைச் சுற்றி, கயிறு கிடக்கும் வாக்கிலேயே ஒரு சிவந்த பட்டை தோன்றியபோது, அது என்னவென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே, வண்டிப்பாதை தேய்ந்து முடிகிற இடத்தில் எங்கள் ஊர். வீட்டில் அப்பா, அப்பாவின் அக்காவான என் அத்தை, சின்னாத்தாள், நான், சின்னாத்தாளின் எட்டு மாதக் கைக்குழந்தையான என் தம்பி. அத்தை கணவனை இழந்து, என் தாயார் போன பிறகுதான் எங்களோடு வந்து சேர்ந்தவள். அவள் கெட்டவள் அல்லள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் எழுதப்போவது அவளை அப்படிக் காட்டக்கூடும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. இரண்டு பருவம் மழை ஏமாற்றியதில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. வீட்டில் மிஞ்சிய கொஞ்சம் நெல், ஏர் பிடிக்கும் அப்பாவுக்கு. பெண்களுக்கு, மேற்கேயிருந்து வண்டியில் வந்த சோளம். அதைக் குத்திக் காய்ச்சி மூன்று வேளையும் குடித்தோம். தொட்டுக்கொள்ள எப்போதாவது கிடைக்கும் கருவாட்டையும், ஒரு வாய் மோரையும் சின்னாத்தாள் எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். தம்பி இடைவிடாமல் பால் குடிப்பான். அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை என்று இன்று நினைக்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அவள் சிரிப்புக்காரி. கழுத்தில் பட்டை விழுந்த புதிதில் கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள்:

“என்னடியாத்தா, புது அட்டியலு போட்டுருக்க?”

“ஆமா, எங்கக்கா போட்டுவிட்டது. ஒங்கக்கா ஒனக்கு ஒண்ணும் போடலயாக்கும்?”

கிணற்றடியே சிரித்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சின்னாத்தாளும் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், “எதுக்குடி அவளுக குடத்த அங்கிட்டு எடுத்து வச்சாளுக?” என்று மட்டும் கேட்டாள். நான் அவளை முந்தி நடந்தேன்.

பங்குனியில் சிவப்பு கறுத்தது. கறுத்த தோல் தடித்து, வெடித்து, மீன் செதிள்போல உரியத் தொடங்கியது. இரண்டு புறங்கைகளிலும், இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் அதே கருமை ஏறியது. வலக்கையில் எதுவரை இருக்கிறதோ இடக்கையிலும் அதுவரை. யாரோ கருஞ்சாயத்தில் இரு கைகளையும் சேர்த்து முக்கியெடுத்ததுபோல இருக்கும். வெயிலில் போனால், “வெயிலு கடிக்குது மதினி” என்று அத்தையிடம் சொல்லி நிழலுக்கு ஓடி வருவாள். வெயில் எப்படிக் கடிக்கும் என்று அத்தை அலுத்துக்கொள்வாள். இன்று நினைத்தால், தன் நோயை முதலில் சரியாகச் சொன்னவள் சின்னாத்தாள்தான்.

வீட்டில் இருவேறு பயங்கள் இருந்தன. ஒன்று என் தாயார். மற்றொன்று குஷ்டம்; அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெருவியாதி என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒரு வீட்டின்மேல் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அப்பா ஊர் வைத்தியரை வரவழைத்தார். அவர் சின்னாத்தாளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கோழியிறகால் கழுத்திலும் கைகளிலும் தொட்டுக்கொண்டே வந்தார். தொட்ட இடத்தையெல்லாம் அவள் சரியாகச் சொன்னாள். பாதத்தில் தொட்டபோது கூச்சம் தாங்காமல் சிரித்தாள்.

“உணர்ச்சி இருக்கு. பெருவியாதி இல்ல. இது வெறும் தோல் நோவு, கரப்பான்,” என்றார் வைத்தியர். மீன், கருவாடு, கத்தரிக்காய், கடலை, சோளம் ஐந்தையும் விலக்கச் சொல்லி, தடவ ஓர் எண்ணெயும் கொடுத்துப் போனார்.

ஒரு பயம் போனதும் மற்றது இரட்டிப்பாகியது. பெருவியாதியும் இல்லை, எண்ணெய்க்கும் கேட்கவில்லை என்றால் அது மூத்தவள்தான். அத்தை விசாரித்து வந்தாள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இறந்தவளுக்கு அவள் விரும்பி உண்டதைப் படைத்து, அந்தப் படையலை மட்டுமே இளையவள் உப்பில்லாமல் உண்ண வேண்டும். அப்போது மனம் இறங்கி விட்டுவிடுவாள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் தாயார் எதை விரும்பி உண்டாள் என்று முதலில் அப்பாவைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் அவளோடு வாழ்ந்தவர். அவள் உண்டதை அவர் பார்த்ததில்லை.

அத்தை என்னை அழைத்து எதிரே உட்காரவைத்தாள்.

“ஒங்க ஆத்தாளுக்கு என்ன புடிக்கும்? நல்லா ரோசிச்சுச் சொல்லு தாயி. தப்பாப் படைச்சா பொல்லாப்பாப் போயிரும்.”

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. எல்லோரும் உண்டு முடித்தபின் அடுப்படியில் நின்றுகொண்டே அவள் குடிப்பது என் கண்ணில் இருந்தது. ஒரு நாள் நான் சோறு மிச்சம் இல்லையா என்று கேட்டதற்கு, “எனக்கு இதுதாண்டி புடிக்கும்,” என்று சொன்னதும் காதில் இருந்தது.

“சோளக்கஞ்சி,” என்றேன்.

வைத்தியர் சோளத்தை விலக்கச் சொல்லியிருந்தார் என்பதை அப்பா நினைவூட்டினார். படையல் சோறு பத்தியத்தில் சேராது என்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டாள். மீன், கருவாடு, கத்தரி, கடலை நான்கும் வைத்தியர் சொன்னபடி விலக்கப்பட்டன. சோளம் மட்டும் படையலாக நின்றது. ஆக, சின்னாத்தாளுக்கு அது ஒன்றுதான் மிஞ்சியது. அத்தையும் அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு வேளைதான் உண்பதென்று தானாக நேர்ந்துகொண்டாள்.

தினமும் காலையில் என் தாயாரின் சேலை ஒன்றை மடித்து வைத்து, விளக்கேற்றி, கஞ்சியை முன்னால் வைப்பார்கள். பெற்ற பிள்ளை கூப்பிட்டால் வருவாள் என்று கூப்பிடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். “ஆத்தா, வந்து சாப்புடு. சாப்புட்டு சின்னாத்தாள விட்டுரு,” என்று நான் சொல்ல வேண்டும். முதல் சில நாட்கள் அத்தை சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். பிறகு நானாகவே கெஞ்சத் தொடங்கினேன். அதற்குப் பின் திட்டினேன். இறந்த தாயை, அவள் சேலைக்கு முன்னால் உட்கார்ந்து, வாயில் வந்தபடியெல்லாம் திட்டியிருக்கிறேன். சின்னாத்தாள்தான் என் வாயைப் பொத்தினாள். “அக்காவ வையாதடி. அவுக எடத்துலதான நான் ஒக்காந்துருக்கேன்,” என்றாள்.

படையல் தொடங்கிய பிறகு அவள் வேகமாக இறங்கினாள். வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. நாக்கு தோலுரித்ததுபோல் சிவந்து, கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கண்ணில் நீர் கோக்கும். காரணமில்லாமல் அழுவாள். வைத்த பொருளை மறந்தாள். என்னை ஒரு நாள் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து, “வாங்க, ஒக்காருங்க,” என்று உபசரித்தாள். அவளுடைய பழைய வேடிக்கைகளில் ஒன்றென்று எண்ணி நானும் விருந்தாளிபோல நடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நடிப்பில்லை என்று புரிந்தது.

வைகாசியில் ஒரு மத்தியானம் அவள் வெறுங்கையோடு வீட்டுக்குள் வந்து சுவரோரம் படுத்துக்கொண்டாள். காலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனவள். “புள்ள எங்கடி?” என்று அத்தை உலுக்கினாள். “எந்தப் புள்ள?” என்றாள் சின்னாத்தாள். அவள் முகத்தில் கள்ளம் இல்லை. கேட்டதை நிஜமாகவே கேட்டாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். கண்மாய்க்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்தார். மடைக்கல்லின் மேல் தனியாகக் கிடந்தானாம். கீழே ஆள் உயரப் பள்ளம். “என்னாத்தா, புள்ளய வெயில்ல காயப் போட்டுருக்கீக?” என்று அவர் கேட்டபோது அத்தை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அப்பா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவு செய்தார். அத்தை காலில் விழாத குறையாகத் தடுத்தாள்.

“மண்டலம் முடிய இன்னும் பன்னெண்டு நாளுதாண்டா. பாதியில விட்டா அவ இன்னும் மூர்க்கமாயிருவா. அங்கிட்டு ஒரு வெள்ளச்சீலைக்காரி இதப் பாத்து பெருவியாதின்னு எழுதிட்டா, இந்தப் பொம்பளப் புள்ளய யாரு வந்து கேப்பா?”

அந்தப் பெண்பிள்ளை நான். அப்பா என்னைப் பார்த்தார்; பிறகு கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் பொறுத்தார். நான் அந்தப் பன்னிரண்டு நாளும் கூப்பிட்டேன், சின்னாத்தாள் பன்னிரண்டு நாளும் உண்டாள்.

மண்டலம் முடிந்த மறுநாள் புறப்பட்டோம். பெட்ரோல் இல்லாத காலம். பின்புறம் அடுப்பு வைத்த கரி பஸ். மேட்டில் திணறினால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். சின்னாத்தாளின் தலைமேல் அப்பாவின் துண்டைப் போட்டு மூடியிருந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் கையைக் கண்டதும் எழுந்து போய் நின்றுகொண்டே பயணம் செய்தாள்.

பெண்கள் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த லேடி டாக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். அறைக்குள் பார்க்காமல், வெளிச்சம் விழும் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்து முக்காலியில் உட்காரவைத்தார். நேரே புண்ணைப் பார்க்கவில்லை. புண் முடியும் இடங்களைப் பார்த்தார். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார். துணி மூடியிருந்த இடத்தில் தோல் குழந்தையின் தோல்போல இருந்தது. துணியின் விளிம்பில் கோடு போட்டதுபோலக் கருமை தொடங்கியது. சேலையைக் கணுக்காலுக்கு மேல் விலக்கினார். அங்கும் அப்படியே. நாக்கை நீட்டச் சொன்னார். எத்தனை மாதமாக வயிற்றுப்போக்கு என்று கேட்டார். பிறகு கழுத்துக்கு வந்தார்.

“இந்தக் கயித்தைக் கொஞ்சம் நகத்திப் பாக்கலாமாம்மா?”

அத்தை தடுக்கக் கை நீட்டினாள். ஒருத்தியின் தாலிக்கயிற்றை இன்னொருத்தி தொடுவதில்லை; அதுவும் இரண்டு பேர் குடியிருக்கும் கயிறு. மூன்று மாதமாக எங்களில் யாரும் அதை அசைத்துப் பார்க்கவில்லை. சின்னாத்தாள் தானே குனிந்து பின்கழுத்தைக் காட்டினாள். டாக்டர் ஒரு விரலால் கயிற்றை நகர்த்தினார். அதன் அடியில், கறுத்து வெடித்த தோலுக்கு நடுவே, கயிற்றின் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு இருந்தது. புண்ணே இல்லாத, சுத்தமான தோல்.

“யாரோ நெரிக்கிறாங்கன்னு வரும்போதே சொன்னீங்களே. கயிறு நெரிச்சிருந்தா, கயித்துக்குக் கீழதானே புண்ணு இருக்கணும்? இங்க கயிறு காப்பாத்தியிருக்கு. வெயில் படுற எடம் மட்டுந்தான் வெந்திருக்கு,” என்றார். பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டார்: “என்னம்மா சாப்பிடுறே?”

“அக்கா சாப்பாடு,” என்றாள் சின்னாத்தாள்.

அத்தை விளக்கினாள். மண்டலம், படையல், சோளக்கஞ்சி, உப்பில்லாமை என எல்லாவற்றையும் தான் ஒழுங்காகச் செய்ததைப் பெருமையோடு சொன்னாள். டாக்டர் இடையில் குறுக்கிடவில்லை.

“இது பேயும் இல்ல, பெருவியாதியும் இல்ல, தொத்தாது,” என்றார். “அரிசிச் சாப்பாட்டுக்காரங்ககிட்ட இதை அதிகம் பாக்க முடியாது. நான் படிக்கிறப்ப ஒரே ஒரு தடவை பாத்தேன். வேற எதுவும் இல்லாம சோளத்தையே சாப்பிட்டா ஒடம்புக்கு வேண்டிய ஒரு சத்து வத்திப்போகும். கைக்குழந்தைக்காரிக்கு முதல்ல வத்தும். தோலு, வயிறு, அப்புறம் புத்தி. பாலு, முட்டை, ஈரல், கடலை குடுக்கணும். ஒங்க வீட்ல கடலை இல்லையா?”

“வெதைக்கடலை இருக்குங்க. மூட்டையாக் கெடக்கு,” என்றார் அப்பா. பிறகு கேட்டார்: “முன்ன ஒருத்தி போனாளுங்க. கடைசில அவளுக்கும் வயித்தாலதான் போச்சு. அவளுக்கும் இதுதானுங்களா?”

“நான் பாக்காதவங்களுக்கு நான் எப்படிய்யா சொல்றது?” என்றார் டாக்டர். அப்பா தலையசைத்தார், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதை அவர் அதன்பிறகு நிறுத்தவே இல்லை, தனக்குள்.

டாக்டர் ஒரு தாளில் நோயின் பெயரை எழுதினார்: பெல்லாக்ரா. அதற்கென்று ஒரு மாத்திரை உண்டென்றும், யுத்தத்தால் அது கிடைப்பது அரிதென்றும், சென்னைக்கு எழுதிப் போடுவதாகவும் சொன்னார். சொன்னபடி செய்தார். அதுவரை பாலும் முட்டையும் அவித்த கடலையும் கொடுத்தோம். தம்பிக்கு ஆஸ்பத்திரியிலேயே பசும்பால் பழக்கினோம். பத்து நாள் கழித்து மாத்திரை வந்தது. வந்த மூன்றாம் நாள் அவள் தம்பியைப் பார்த்து, “இவன் என்னடி இம்புட்டு எளைச்சுப் போனான்? அப்பனுக்கும் மகளுக்கும் புள்ள வளக்கத் தெரியல,” என்று எங்களைத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டு அப்பா தாழ்வாரத்துக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் பிழைத்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

கழுத்தில் செதிள்கள் உதிர்ந்து, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்தது. கைகள் வெளுத்தன. ஆனால் உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல் கண்டு மார்பில் சளி கட்டியது. அதை எதிர்த்து நிற்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் அப்பாவிடம் தொடங்கியவர், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மறுநாள் உச்சிப்பொழுதில் சின்னாத்தாள் இறந்தாள்.

வண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்க நான் நின்றேன். அத்தை அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் கழுத்தில் தண்ணீர் ஊற்றினாள். கழுத்து மாசுமறு இல்லாமல் இருந்தது. அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“விட்டுட்டா பாரு. ஒங்க ஆத்தா விட்டுட்டா,” என்றாள்.

“ஆத்தா புடிக்கவே இல்ல, அயித்த,” என்றேன். தாழ்வாரத்தில் அந்த டாக்டர் பேசிய நாளிலிருந்து நான் யாரிடமும் சொல்லாதது அப்போது வெளியே வந்தது. “நாந்தான சோளக்கஞ்சின்னு சொன்னேன்.”

அத்தையின் கை நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ சொன்ன. கேட்டது நானு. காச்சி ஊத்துனது நானு. பன்னெண்டு நாள் இருக்குன்னு தடுத்தது நானு. இத நீ எடுத்துக்காத தாயி. இது எனக்கு இருக்கட்டும்.”

அவ்வளவுதான். பிறகு செம்பை நீட்டினாள். நான் தண்ணீர் நிரப்பினேன்.

பிற்பாடு நிறையப் படித்தேன். அந்த நோயைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். புத்தகங்களில் கழுத்தின் பட்டைக்கு ஒரு மாலையின் பெயரே வைத்திருக்கிறார்கள். வெயிலை எதிர்கொள்ளும் தோல்தான் முதலில் வேகும் என்றும், இரு பக்கமும் ஒத்திருப்பதே இதன் அடையாளம் என்றும் அவற்றில் தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று மாதம் எல்லோர் கண்முன்னும் இருந்த அடையாளங்கள் அவை. என் தாயார் சோளக்கஞ்சியை விரும்பியவள் அல்லள் என்பதற்கு மட்டும் புத்தகம் தேவைப்படவில்லை. நான் மணமாகி, பிள்ளைகள் பெற்று, அவர்களுக்குப் பரிமாறி முடித்து, அடுப்படியில் நின்றபடி மிஞ்சியதை உண்ட ஒரு நாளில், இதுதான் எனக்குப் பிடிக்கும் என்று என் மகளிடம் நானே சொன்னேன். சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அப்பா அதன்பிறகு மணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை அத்தைதான் வளர்த்தாள். அவன் பேசப் பழகியபோது அவளை ஆத்தா என்று அழைத்தான், அவள் திருத்தவில்லை. அப்பாவும் அத்தையும் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. தம்பி திருச்சியில் தன் பிள்ளைகளோடு இருக்கிறான். பெற்றவளின் முகம் அவனுக்குத் தெரியாது. எங்களிடம் படமும் இல்லை. அவளைக் கண்ணால் பார்த்தவர்களில் இப்போது இருப்பது நான் ஒருத்திதான்.